உப்பளத்தில் ஒரு வாட்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் முத்தைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் விலை சொல்லிவிட மாட்டார்கள். வியாபாரியின் முன்னால் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். முதல் சல்லடையில் 20 துளைகள், கடைசியில் 1000. துளைகள் பெருகப் பெருக ஒவ்வொரு துளையும் சிறுக்கும். எந்தச் சல்லடையில் தங்குகிறதோ அதுவே அந்த முத்தின் வரிசை. வடிவும் ஒளியும் பார்த்துத் தரம் பிரித்தபின் தராசு வரும். மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். அந்தக் கணக்குப்படி, ஒரே தரமுள்ள முத்துகளில் இரண்டு மஞ்சாடி முத்தின் மதிப்பு ஒரு மஞ்சாடி முத்தினுடையதைப் போல நான்கு மடங்கு.

1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சல்லடைகள் பரணுக்குப் போய்விட்டன. ஆனால் அந்த வியாபாரிகள் பிடித்துவைத்திருந்த சூட்சுமம் இன்னொரு துறையில் அப்படியே பொருந்துகிறது: கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு, அளந்து பார்த்தால் வருவது வேறு. அளவு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால்தான் மதிப்பு வரும்.

அந்தத் துறை, குறைந்த அதிர்வெண் வானொலி. வெகு தொலைவிலிருந்து இரைச்சலுக்கு நடுவே நூல் போல வரும் ஒரு சிக்னலைக் கேட்டுவிட்டு, “இதை அனுப்பியவரின் ஆன்டெனாவிலிருந்து உண்மையில் எத்தனை வாட் வெளியே போயிருக்கும்?” என்று கணக்குப் போடுவதுதான் நம் விஷயம்.

நீள அலைகளின் ஊர்

வானலையின் அதிர்வெண் குறையக் குறைய அதன் அலைநீளம் கூடும். பண்பலை வானொலியின் அலை மூன்று மீட்டர் நீளம். இலங்கைத் தமிழர்களுக்கான ஒலிபரப்புக்காக அகில இந்திய வானொலி தூத்துக்குடியில் நிறுவிய டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண் 1053 கிலோஹெர்ட்ஸ். அதன் அலை 285 மீட்டர். கப்பல்களுக்கு வானிலையும் எச்சரிக்கையும் எழுத்தாக வரும் நாவ்டெக்ஸ் சேவை 518 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதற்கும் கீழே, உலகெங்கும் உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கென்று, அதாவது ஹாம்களுக்கென்று, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இரண்டு சிறு இடங்களை ஒதுக்கியிருக்கிறது. 2007-ஆம் ஆண்டு மாநாட்டில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையும், 2012-ஆம் ஆண்டு மாநாட்டில் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையும் கிடைத்தன. 137 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல்.

இன்னும் கீழே இறங்கினால் நம் பக்கத்து ஊருக்கே வந்துவிடுவோம். தூத்துக்குடியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990 அக்டோபர் 20 அன்று திறக்கப்பட்டது. நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவது இதன் வேலை. 2014-இல் இங்கே எழுந்த 471 மீட்டர் உயரக் கம்பங்கள் இந்தியாவின் மிக உயரமான கட்டுமானங்கள். விஞ்ஞானிகளிடம் இந்த நிலையத்தின் அழைப்புப் பெயர் விடிஎக்ஸ். அவர்கள் அதிகம் கேட்பது இதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை. அந்த அலையின் நீளம் பதினாறரைக் கிலோமீட்டர். 471 மீட்டர் கம்பம்கூட அந்த அலையின் 35-இல் ஒரு பங்குதான். இந்த உலகத்தில் எல்லாக் கம்பமும் குட்டைதான்.

எதற்காக இவ்வளவு நீளமான அலை? கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கடத்தும் பொருளுக்குள் வானலை நுழைந்தால் சீக்கிரமே கரைந்துவிடும். பண்பலை அலை கடல்நீரில் இரண்டு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். 137 கிலோஹெர்ட்ஸ் அலை அதே அளவு சுருங்க 60 சென்டிமீட்டர் ஆகும். 18.2 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு 1.67 மீட்டர். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. அந்தப் பக்கம் பத்து மீட்டர் மூழ்கி நிற்கும் ஒருவருக்கு விடிஎக்ஸ் சிக்னல் மேலே இருப்பதில் 400-இல் ஒரு பங்காகக் குறைந்துதான் எட்டும், ஆனாலும் எட்டும். 137 கிலோஹெர்ட்ஸ் சிக்னலோ ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். 18-க்கும் 137-க்கும் இடையே இவ்வளவு வித்தியாசம்.

எந்த ஒரு வாட்?

137 கிலோஹெர்ட்ஸில் ஹாம்களுக்கான வரம்பு ஒரு வாட். கேட்டதும் சிரிப்பு வரும். இரவு விளக்கின் சின்ன குண்டு பல்புகூட ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கிறதே! ஆனால் இந்த ஒரு வாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கம்பிக்குள் போகும் வாட் அல்ல. ஆன்டெனாவிலிருந்து வெளியே பரவும் திறன். அதிலும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டுச் சொல்லும் திறன்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரப்பும் ஓர் ஆன்டெனாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு வாட் கொடுத்தால் தொலைவில் எந்த அளவு சிக்னல் கிடைக்குமோ, அந்த அளவுக்கு மேல் உங்கள் சிக்னல் போகக்கூடாது. விதி சொல்வது இவ்வளவே. நிலத்தில் நட்ட குட்டைக் கம்பமோ வானத்துக்கும் பூமிக்கும் சமமாகப் பரப்புவதில்லை. பூமிக்குள் போக வேண்டிய பங்கையும் சேர்த்து அடிவானத்தை ஒட்டியே அதிகம் அனுப்புகிறது. கணக்கிட்டால் அதன் பலம் கற்பனை ஆன்டெனாவைப் போல மூன்று மடங்கு. ஆகவே விதியின் ஒரு வாட் என்பது, கம்பம் உண்மையில் கதிர்வீசும் மூன்றில் ஒரு பங்கு வாட். ஒருவர் “ஒரு வாட்” என்று சொன்னால் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் ஒப்பிட்டால் தொடக்கத்திலேயே மூன்று மடங்கு பிசகிவிடும்.

மூன்றில் ஒரு பங்கு வாட்டை வெளியே அனுப்புவது எளிதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கம்பத்தின் வழியாக மின்னோட்டம் பாயும்போது, அதன் ஆற்றலில் ஒரு பகுதி வானலையாகக் கழன்று போகிறது. இதைப் பொறியாளர்கள் ‘கதிர்வீச்சுத் தடை’ என்று ஓம் கணக்கில் எழுதுவார்கள். குட்டைக் கம்பத்துக்கு இதைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. கம்பத்தின் செயலுயரத்தை அலைநீளத்தால் வகுக்க வேண்டும். வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 1579-ஆல் பெருக்க வேண்டும். செயலுயரம் என்பது நாடா வைத்து அளக்கும் உயரம் அல்ல. வெறும் கம்பியை நேராக நிறுத்தினால் அடியில் முழுதாகப் பாயும் மின்னோட்டம் உச்சியில் சுழியாகிவிடும். அதனால் செயலுயரம் பாதிதான். உச்சியில் குறுக்குக் கம்பிகளை டி எழுத்து போல நீட்டிவிட்டால் மின்னோட்டம் மேலே வரை தளராமல் ஏறும். செயலுயரமும் உண்மை உயரத்தை நெருங்கும்.

பத்து மீட்டர் செயலுயரம் என்று வைத்துக்கொள்வோம். 137 கிலோஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை 0.033 ஓம். திறன் என்பது மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, தடையாலும் பெருக்கினால் வருவது. மூன்றில் ஒரு பங்கு வாட் கிடைக்கக் கம்பத்தின் அடியில் சுமார் 3.2 ஆம்பியர் பாய வேண்டும். அந்த 3.2 ஆம்பியர் பாயும் பாதையில் 0.033 ஓம் மட்டுமா இருக்கிறது? சுருளில் தடை, கம்பியில் தடை. எல்லாவற்றுக்கும் மேலாக மண்ணில் தடை.

தேரியும் உப்பளமும்

இங்கேதான் தூத்துக்குடி மாவட்டத்தின் மண் பேசுகிறது. கம்பத்திலிருந்து கிளம்பும் மின்னோட்டம் காற்றின் வழியே வளைந்து நிலத்தில் இறங்கி, நிலத்தின் வழியாகவே கம்பத்தின் அடிக்குத் திரும்பி வர வேண்டும். ஆன்டெனாவுக்கு மேல்பாதி கம்பம் என்றால் கீழ்ப்பாதி மண்.

இந்த மாவட்டத்தில் இரண்டு துருவங்கள் உண்டு. ஒன்று தேரிக்காட்டின் காய்ந்த செம்மணல். மின்சாரத்துக்கு அது கிட்டத்தட்ட கதவடைத்த வீடு. இன்னொன்று உப்பளம். பாத்தியில் வெயிலில் வற்றும் உப்புநீர் கடல்நீரைவிடவும் நன்றாகக் கடத்தும். கடல்நீரோ காய்ந்த நிலத்தைப் போல ஆயிரம் மடங்கு கடத்தும்.

அதே கம்பத்தைத் தேரியில் நட்டால் மொத்த இழப்புத் தடை 100 ஓம் என்றும், உப்பளத்து வரப்பில் நட்டுப் பாத்திக்குள் எர்த் கம்பிகளை விரித்தால் 20 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் தேவை அதே 3.2 ஆம்பியர். தேரியில் அதற்கு ஆயிரம் வாட் டிரான்ஸ்மிட்டர் வேண்டும். உப்பளத்தில் இருநூறு போதும். இரண்டிலும் வெளியே போவது அதே மூன்றில் ஒரு பங்கு வாட். மீதி அத்தனையும் மண்ணையும் சுருளையும் சூடாக்கிவிட்டுப் போகிறது. ஒரு ஹாம் தன் டிரான்ஸ்மிட்டரின் வாட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டால், அவருடைய மண் எவ்வளவு மோசம் என்பதைத்தான் பாதி நேரம் சொல்கிறார்.

475 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் நிலைமை சட்டென்று மாறும். அலை மூன்றரை மடங்கு குட்டை. அதே பத்து மீட்டர் கம்பத்தின் கதிர்வீச்சுத் தடை பன்னிரண்டு மடங்காகி 0.4 ஓமைத் தொடும். ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் போதும். இழப்பு 20 ஓம் என்றால் டிரான்ஸ்மிட்டர் பதினேழு வாட் கொடுத்தாலே அதே மூன்றில் ஒரு பங்கு வாட்டைத் தொட்டுவிடலாம்.

கீழே இவ்வளவு உதவும் உப்பு மேலே போனால் எதிரி. பத்து மீட்டர் கம்பத்துக்கும் குறுக்குக் கம்பிகளுக்கும் சேர்த்து 300 பிக்கோஃபாரட் கொள்ளளவு என்று வையுங்கள். 137 கிலோஹெர்ட்ஸில் அதற்கு ஈடுகட்ட நாலரை மில்லிஹென்றி சுருள் வேண்டும். பெரிய பிளாஸ்டிக் வாளியின் மேல் நூற்றுக்கணக்கான சுற்று கம்பி சுற்றியது போல இருக்கும் அது. 3.2 ஆம்பியர் பாயும்போது அந்தச் சுருளின் மேல்முனையில் பன்னிரண்டாயிரம் வோல்ட் ஏறி நிற்கும். ஈரமான கடல்காற்று வீசும் மாதங்களில் கடலோரத்தில் எதைத் தொட்டாலும் பிசுபிசுக்கும். பீங்கான் இன்சுலேட்டரின் மேல் படியும் அந்த மெல்லிய உப்புப் படலத்தின் வழியாக மின்சாரம் கசியும். இருட்டில் பார்த்தால் ஊதா நிறத்தில் சீறும். முந்தின நாள் அளந்த கணக்கு மறுநாள் பொய்யாகிவிடும். இன்சுலேட்டரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் பழைய கணக்கு திரும்பும். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது அந்தக் கம்பியின் பக்கத்தில் யாரும் போகக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வெளியே போய் அளப்பது

மின்னோட்டத்தை அளந்து, செயலுயரத்தைக் கணக்கிட்டு, இரண்டையும் வைத்துத் திறனைச் சொல்வது ஒரு வழி. வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. கம்பத்தைச் சுற்றிப் பனையும் தென்னையும் வீடுகளும் நின்றால் அவை மின்புலத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். சாறு ஓடும் மரம் உப்புநீர் நிரம்பிய கம்பம் போன்றது; நம் கம்பத்தின் செயலுயரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். அம்மீட்டர் அதைக் காட்டாது. ஆகவே இந்த வழியில் வரும் விடை பெரும்பாலும் உண்மையைவிட அதிகமாகவே இருக்கும்.

இரண்டாவது வழி, சிக்னல் போன இடத்துக்கே போய்ப் பார்ப்பது. நிலத்தில் நட்ட குட்டைக் கம்பம் ஒரு கிலோவாட் கதிர்வீசினால், நன்றாகக் கடத்தும் பரப்பின் மேல் ஒரு கிலோமீட்டர் தள்ளி மீட்டருக்கு 300 மில்லிவோல்ட் புலம் இருக்கும். தொலைவு இரட்டித்தால் புலம் பாதியாகும். ஆகவே அளந்த புலத்தை மில்லிவோல்ட்டிலும் தொலைவைக் கிலோமீட்டரிலும் எழுதிப் பெருக்குங்கள், 300-ஆல் வகுங்கள், வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். கதிர்வீசிய திறன் கிலோவாட்டில் வந்துவிடும். முத்து வியாபாரியின் கணக்கு இங்கே மறுபடி தலைகாட்டுகிறது: புலத்தில் பத்து சதவீதம் பிசகினால் திறனில் இருபது சதவீதம் பிசகும்.

உதாரணத்துக்கு, கடற்கரையோரமாகப் பத்துக் கிலோமீட்டர் போய் அளந்ததில் மீட்டருக்கு 0.55 மில்லிவோல்ட் கிடைத்தால், கதிர்வீச்சு 0.34 வாட். விதியின் வரம்பை ஒட்டியே இருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள மரச்சட்டத்தில் பத்துச் சுற்று கம்பி சுற்றிப் பிடித்தால், அந்தப் புலம் அதில் சுமார் 16 மைக்ரோவோல்ட்டைத் தூண்டும். சட்டத்தின் பரப்பும் சுற்றின் எண்ணிக்கையும் அதிர்வெண்ணும் தெரிந்தால் மைக்ரோவோல்ட்டிலிருந்து புலத்துக்குப் போய்விடலாம். சட்டம் சுழலும்; அதிகம் வரும் திசையில் நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கே நின்று அளப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். மிக அருகில் நின்றால் கம்பத்தைச் சுற்றி வீங்கி நிற்கும் அண்மைப் புலம் ஏமாற்றும். 137 கிலோஹெர்ட்ஸில் அந்த வீக்கத்தின் எல்லை சுமார் 350 மீட்டர்; அதைப் போலப் பல மடங்கு தள்ளிப் போக வேண்டும். 18 கிலோஹெர்ட்ஸில் அது இரண்டரைக் கிலோமீட்டரைத் தாண்டும். மிகத் தொலைவுக்குப் போனால் நிலம் தின்னும் பங்கும் வானத்திலிருந்து திரும்பும் அலையும் கலந்துவிடும். தூத்துக்குடி போன்ற ஊரில், அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் உயரழுத்த மின்கம்பிகளின் அடியில் நின்று அளக்கக்கூடாது. அந்தக் கம்பிகளே அலையைப் பிடித்து மறுபடி பரப்பும். நாலைந்து திசைகளில், நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுப்பதே முறை. கடல்நீருக்கு மேல் வந்த அலையை அளக்க வாய்ப்பிருந்தால் அதை விடக்கூடாது. கடல் இந்த அலைகளிடமிருந்து அநேகமாக எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

இரண்டு சன்னக் குரல்கள்

இப்போது ரிசீவர் பக்கம் வருவோம். வெகு தொலைவிலிருந்து இரண்டு சிக்னல்கள் வருகின்றன. எது பலம்?

காது சொல்வதை நம்ப முடியாது. ரிசீவரில் இருக்கும் தானியங்கி ஒலிச்சீர் அமைப்பு சன்னமானதைத் தூக்கி, பலமானதை அமுக்கி, இரண்டையும் ஒன்றுபோல ஒலிக்கவைக்கும். முதல் வேலை அதை அணைப்பது. அடுத்தது, பலமான சிக்னலின் பாதையில், சிக்னலை அளவு தெரிந்தபடி குறைக்கும் தளர்ப்பிகளைச் செருகி, இரண்டும் மீட்டரில் ஒரே இடத்தில் நிற்கும்வரை குறைப்பது. எத்தனை டெசிபல் செருகினோமோ அதுவே வித்தியாசம். மூன்று டெசிபல் என்றால் திறன் பாதி; பத்து டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு. மீட்டர் முள் பொய் சொன்னாலும் தளர்ப்பி பொய் சொல்லாது. முத்து வியாபாரியின் சல்லடை இங்கே இதுதான்.

சிக்னல் இரைச்சலோடு ஒட்டி நிற்கும்போது இன்னொரு கண்ணி. மீட்டர் காட்டுவது சிக்னலை மட்டுமல்ல, சிக்னலும் இரைச்சலும் சேர்ந்த கூட்டுத்தொகையை. சிக்னல் வந்ததும் முள் மூன்று டெசிபல் ஏறினால், சிக்னலும் இரைச்சலும் சமம். ஒரே ஒரு டெசிபல் ஏறினால், சிக்னல் இரைச்சலில் கால் பங்குதான். கூட்டுத்தொகையிலிருந்து இரைச்சலைக் கழிக்காமல் இரண்டு சன்னக் குரல்களை ஒப்பிட்டால், சன்னமானது எப்போதும் தன் தகுதிக்கு மேல் பலமாகத் தெரியும்.

இரைச்சலையே குறைக்க ஒரு வழி உண்டு. ரிசீவர் கேட்கும் அதிர்வெண் பட்டை குறுகினால் இரைச்சல் குறையும். 2500 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பேச்சுப் பட்டையை விட்டு ஒரு ஹெர்ட்ஸ் இடுக்கின் வழியே பார்த்தால், இரைச்சல் 2500-இல் ஒரு பங்காகிவிடும். விலை, பொறுமை. இடுக்கு குறுகக் குறுக ஒவ்வொரு புள்ளியையும் அதிக நேரம் நீட்டி அனுப்ப வேண்டும். அதனால்தான் நீள அலை ஹாம்கள் ஒரு மோர்ஸ் புள்ளியை மூன்று விநாடி, பத்து விநாடி, அதற்கும் மேல் இழுத்து அனுப்புகிறார்கள். காதால் கேட்க எதுவும் இருக்காது. கணினித் திரையில் மெல்ல நகரும் படத்தில் ஒரு கோடு விழும்.

இந்தப் பொறுமையைக் கணினிக்கு விட்டவர் ஜோ டெய்லர். 1993-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை ரஸ்ஸல் ஹல்சுடன் பகிர்ந்துகொண்ட வானியலாளர், ஹாமும்கூட. 2008-இல் அவர் வெளியிட்ட விஸ்பர் என்ற முறையில், ஒரு குறுஞ்செய்தி கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, ஆறு ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் போய்ச் சேருகிறது. செய்தியில் மூன்றே விஷயங்கள்: அனுப்புபவரின் அழைப்புப் பெயர், உலக வரைபடத்தில் அவர் இருக்கும் கட்டத்தின் குறியீடு, அவர் அறிவிக்கும் திறன். தூத்துக்குடிக்கு அந்தக் கட்டம் எம்ஜே98.

மூன்றாவது விஷயத்தில்தான் நம் கதை முடிச்சிடுகிறது. அந்த எண்ணை அனுப்புபவரே போடுகிறார். சரியாகப் போட்டாரா என்று சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு பேர், ஒருவர் உப்பளத்தில், இன்னொருவர் தேரியில், ஒரே இரவில் மாறி மாறி அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். உப்பளத்துக்காரர் அறிவித்தது ஒரு வாட். தேரிக்காரர் அறிவித்தது 0.2 வாட், அதாவது ஏழு டெசிபல் குறைவு. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பல ரிசீவர்களில் தேரிக்காரரின் சிக்னல் நான்கு டெசிபல்தான் குறைவாக விழுகிறது. போன பாதையும் வானமும் இருவருக்கும் ஒன்றே. அப்படியானால் மூன்று டெசிபல் யாரோ ஒருவருடைய கணக்கில் பிசகியிருக்கிறது. தேரிக்காரர் தன்னைப் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். உப்பளத்துக்காரர் தன்னை இரண்டு மடங்காக்கிச் சொல்லியிருக்கலாம். யார் என்று தெரிய, ஒருவராவது மரச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும்.

நண்பகல் எதற்கு?

மாறி மாறி அனுப்ப வேண்டும் என்பதற்குக் காரணம் வானம். பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் உருவாக்கும் அயனிப் படலம் இந்த அலைகளில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் அந்தப் படலம் கலைந்து, மேலேயுள்ள அடுக்கிலிருந்து அலை தெறித்துத் திரும்பும். தரையோடு வந்த அலையும் வானத்திலிருந்து வந்த அலையும் சேர்ந்தால் சில சமயம் கூடும், சில சமயம் ஒன்றையொன்று அழிக்கும். ஆகவே திறனைக் கணக்கிட நினைப்பவருக்கு நண்பகலே முகூர்த்தம். தொலைவுச் சாதனை படைக்க நினைப்பவருக்கு நள்ளிரவு. நேற்று இரவு கேட்ட சிக்னலை இன்று மதியம் கேட்ட சிக்னலோடு ஒப்பிடுவது, ஐப்பசி மாதத்துக் கிணற்றைச் சித்திரை மாதத்துக் கிணற்றோடு ஒப்பிடுவது போல.

ஐப்பசி என்றதும் இன்னொன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களில் நம் கரையைச் சுற்றி வெட்டும் ஒவ்வொரு மின்னலும் இந்த அதிர்வெண்களில் ஒரு வெடிச்சத்தம். சிக்னல் மாறாமல் வந்தாலும் இரைச்சல் ஏறிவிடுவதால், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் படுத்துவிடும். அந்த விகிதத்தை மட்டும் பார்த்து “அனுப்புபவரின் சக்தி குறைந்துவிட்டது” என்று முடிவு கட்டினால் பிழை நம்முடையது.

வானம் செய்யும் வேலைக்கு விஜயநாராயணத்து சிக்னலே நல்ல சாட்சி. 2009 ஜூலை 22 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது கொல்கத்தாவிலுள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தினர் பல ஊர்களில் ரிசீவர்களை வைத்து விடிஎக்ஸ் சிக்னலைப் பதிவு செய்தார்கள். சில இடங்களில் கிரகணத்தின்போது சிக்னல் வலுத்தது. சில இடங்களில் மெலிந்தது. அனுப்பிய நிலையம் ஒன்று. மாறியது சந்திரனின் நிழல் விழுந்த அயனி மண்டலம் மட்டுமே. அலகாபாத், வாரணாசி, நைனிடால் ஊர்களிலும் ஆய்வாளர்கள் இதுபோன்ற சிக்னல்களின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு சூரியப் பிழம்புகளின் தாக்கத்தைப் படிக்கிறார்கள். அண்டார்டிகாவில் உள்ள நம் மைத்ரி ஆய்வு நிலையத்திலும், சுமார் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தச் சிக்னல் பதிவாகியிருக்கிறது. அனுப்பும் திறன் நிலையாக இருக்கும் ஒரு சிக்னலைக் கொண்டு வானத்தை அளக்கலாம். வானம் நிலையாக இருக்கும் நேரத்தில் அனுப்பும் திறனை அளக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தெரியாதவையாக வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது.

கையில் பிடித்துப் பார்க்க

விடிஎக்ஸ் சிக்னலை அளப்பதைக் கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்கப் பெரிய செலவு ஆகாது. 18.2 கிலோஹெர்ட்ஸ், கணினியின் ஒலி அட்டைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. விநாடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கும் சாதாரண ஒலி அட்டை, 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள எதையும் பதிவு செய்யும். ஒரு மரச்சட்டத்தில் சில பத்துச் சுற்று கம்பி, ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர், அதிர்வெண்ணைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள்: இவை போதும். ஒரு வாரம் காலை முதல் மறுநாள் காலை வரை சிக்னலின் வலிமையைப் பதிந்து வைத்தால், சூரிய உதயமும் அஸ்தமனமும் வரைபடத்தில் வளைவுகளாக விழுகின்றனவா என்று பார்க்கலாம். மாணவர்கள் அடுத்த கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலையம் இயங்கும் நாட்களில் ஒவ்வொரு அந்தியும் ஒரு சோதனைதான்.

அப்படிப் பதியும்போது நாலு விஷயங்களைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்: மணி, சட்டம் நின்ற திசை, சிக்னல் இல்லாதபோது இருந்த இரைச்சலின் அளவு, இடையில் செருகிய தளர்ப்பி. இந்த நாலும் இல்லாத பதிவு, எந்தச் சல்லடையில் தங்கியது என்று குறிக்காமல் பொட்டலம் கட்டிய முத்து. விலை சொல்ல முடியாது.

இனி எந்த ஹாமாவது உங்களிடம் “என் சிக்னல் ஆயிரம் கிலோமீட்டர் போனது, வெறும் ஒரு வாட்தான்” என்றால், பாராட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். கம்பத்தின் அடியில் எத்தனை ஆம்பியர்? கீழே என்ன மண்? அப்போது மணி என்ன? மூன்றுக்கும் விடை இருந்தால் அந்த ஒரு வாட்டை நம்பலாம்.